வெயிலில் குளிக்கும் சுவர்!

திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம், 11 நிலைகள்! வெளிர் நிறத்தில் கம்பீரமாக நிற்கும். தூசி, புகை, பாசி எல்லாம் அதன் மேலும் படியத்தானே செய்யும்? அத்தனை உயரத்தில் யார் துடைப்பது? கும்பாபிஷேகத்துக்கு முன்பு சாரம் கட்டி, ஆட்கள் ஏறித்தான் சுத்தம் செய்வார்கள். 2017 பிப்ரவரியில் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது.

சுவர் தன்னைத் தானே கழுவிக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு வெள்ளை சிமென்ட் இருக்கிறது!

சாதாரண சிமென்ட் சாம்பல் நிறமாக இருக்க முக்கியக் காரணம், அதிலுள்ள இரும்புச் சத்து. இரும்பு மிகக் குறைவாக உள்ள சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் தேர்ந்தெடுத்துச் சுட்டால் வெள்ளை சிமென்ட் கிடைக்கும். அதோடு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியையும் சேர்ப்பார்கள். வெள்ளை பெயின்ட்டில் இருப்பதும் இந்தப் பொடிதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பாக மின்னும் இல்மனைட் மணல் கிடைக்கிறது. அதிலிருந்து இரும்பைப் பிரித்து எடுத்தால் இந்த வெள்ளைப் பொடி தயார்!

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் பொடி வேலையைத் தொடங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனையும் ஈரத்தையும் தூண்டிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, பாசி போன்ற அழுக்குகளைச் சிதைக்கும். மழை பெய்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் சுவர் முழுக்கப் பரவி, மிச்சத்தை அடித்துக்கொண்டு போகும். பொடி மட்டும் தீராது!

வெளிச்சம் பட்டால் இந்தப் பொடி தண்ணீரையே பிரிக்கும் என்பதை 1967-ல் ஜப்பானில் கண்டுபிடித்தவர் அகிரா புஜிஷிமா. அப்போது அவர் ஒரு மாணவர்! 2003-ல் இத்தாலியின் ரோம் நகரில் திறக்கப்பட்ட ஒரு தேவாலயத்தை இந்த சிமென்ட்டில் கட்டினார்கள். பாய்மரம் போல வளைந்த மூன்று வெள்ளைச் சுவர்கள் அதன் அழகு.

சரி, அந்தச் சுவர்களில் கறையே இல்லையா? பிறகு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, சில இடங்களில் கறை படிந்து, நிறம் மாறியிருந்தது. வெயில் படாத மூலையில் பொடி வேலை செய்யாது. மண் தூசியை அதனால் சிதைக்கவும் முடியாது. அதற்கு மழை வேண்டும், அல்லது மனிதர் வேண்டும்.

அப்படியானால் இதை நம் கோபுரத்தில் பூசலாமா? கூடாது! கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும் கொண்டவை. சுண்ணாம்பு, உள்ளே போன ஈரத்தை மெல்ல வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பழைய சுதை உதிர்ந்துவிடும். புதுக் கட்டடத்துக்குப் புது சிமென்ட். பழைய கோபுரத்துக்குச் சுண்ணாம்பும் ஸ்தபதியின் கையும்தான் சரி.

நாளைக்கு உங்கள் பள்ளிச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். வெயில் படும் பக்கத்தில் அழுக்கு அதிகமா, நிழல் பக்கத்திலா? ஜன்னலுக்குக் கீழே கறுப்புக் கோடு ஏன் வந்தது? நண்பர்களோடு சேர்ந்து கண்டுபிடியுங்களேன்!