வீட்டு ஊடக சேவையகமும் ஏஐ முகவரும்: சாவியை எந்த அளவுக்குக் கொடுக்கலாம்?

கொள்ளேகால்: திருமண வீடியோ கேசட்டுகள், திருவிழாவில் பதிவான பாடல்கள், மறைந்த பெரியவர்களின் குரல் என ஒரு தலைமுறையின் நினைவுகள் காந்த நாடாக்களில் தங்கியுள்ளன. அந்த நாடாக்களை இயக்கும் கருவிகளோ அருகிவிட்டன. வீடியோ கேசட் கருவிகளை உலகில் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. 2025-ஆம் ஆண்டு வாக்கில் நாடாக்களைப் பிரதியெடுக்கும் வாய்ப்பே பெரிதும் குறைந்துவிடும் என்று யுனெஸ்கோவின் திட்டம் ஒன்று 2019-இல் எச்சரித்தது.

இதனால் பழைய பதிவுகளை டிஜிட்டல் கோப்புகளாக மாற்றி, வீட்டிலேயே ஒரு சிறிய கணினியில் சேமித்து, தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்கும் வழக்கம் பரவி வருகிறது. இந்த ஏற்பாடே 'வீட்டு ஊடக சேவையகம்' எனப்படுகிறது. இதைப் பராமரிக்கும் பணியைச் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) முகவர்களிடம் ஒப்படைப்பது அண்மைக்கால வளர்ச்சி. இதில் கிடைக்கும் வசதி என்ன, ஆபத்து எங்கே உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சேவையகம் என்பது என்ன?

தனி அறையோ விலையுயர்ந்த இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. பயன்பாட்டில் இல்லாத மடிக்கணினி அல்லது கையளவு கணினி ஒன்றும், ஹார்டு டிஸ்க் ஒன்றும் போதும். சராசரியாக 10 வாட் மின்சாரத்தில் இயங்கும் கணினியை நாள் முழுவதும் இயக்கினால் மாதத்திற்கு ஏறத்தாழ 7 யூனிட் மட்டுமே செலவாகும்.

இதற்கான மென்பொருள்களில் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் ஆகிய இரண்டும் பரவலாக அறியப்பட்டவை. ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் திறந்த மூல மென்பொருளாகத் தொடங்கப்பட்டது, கட்டணம் கிடையாது. பிளெக்ஸ் 2025 ஏப்ரலில் தன் கட்டணங்களை உயர்த்தியதுடன், வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்தக் கோப்புகளைப் பார்ப்பதையும் கட்டணச் சேவையாக்கியது.

இருமொழி வீடுகளின் சிக்கல்

கொள்ளேகால் வட்டம் முன்பு சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. பின்னர் மைசூரு மாவட்டத்தில் இருந்த இவ்வட்டம், 1997-இல் உருவான சாமராஜநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. இத்தகைய எல்லைப் பகுதிகளில் ஒரே குடும்பத்தின் சேகரிப்பில் தமிழும் கன்னடமும் கலந்திருப்பது இயல்பு.

ஊடக மென்பொருள் ஒரு கோப்பின் பெயரைப் படித்து, இணையத்தில் உள்ள திரைப்படத் தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு, சுவரொட்டியையும் நடிகர் விவரத்தையும் தானே சேர்க்கும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'பில்லா' என்ற பெயரில் 1980-இலும் 2007-இலும் தமிழ்ப் படங்கள் வந்துள்ளன. கன்னடத்தில் ராஜ்குமார் நடித்த 'கந்தத குடி' 1973-இல் வெளியானது. அதே பெயரில் புனித் ராஜ்குமார் தோன்றும் ஆவணப்படம் 2022-இல் வெளியானது. கோப்பின் பெயரில் ஆண்டு இல்லாவிட்டால் எது எது என்று மென்பொருளுக்குத் தெரியாது.

வீட்டுப் பதிவுகளின் நிலை இன்னும் கடினம். மாதேஸ்வர மலை யாத்திரையில் பதிவு செய்த கம்சாளே பாடலோ, மணவிழா வீடியோவோ எந்தத் தரவுத்தளத்திலும் இராது. அவற்றைத் திரைப்பட நூலகத்தில் வைத்தால் மென்பொருள் தொடர்பற்ற ஏதோ ஒரு படத்தின் பெயரை ஒட்டிவிடக்கூடும். வீட்டுப் பதிவுகளைத் தனி நூலகமாக வைப்பதே இதற்குத் தீர்வு.

முகவர் எவ்வாறு பணிபுரிகிறது?

வழக்கமான உரையாடல் செயலி கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லும். முகவர் என்பது அதற்கு அடுத்த படி. அதனிடம் ஒரு பணியைச் சொன்னால், அதைச் சிறு படிகளாகப் பிரித்து, கணினியில் கட்டளைகளை இயக்கி, விளைவைப் படித்து, அடுத்த படியைத் தானே முடிவு செய்யும். முகவர்களை வெளிக் கருவிகளுடன் இணைப்பதற்கான எம்சிபி என்னும் பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பின், இவ்வகை இணைப்புகள் எளிதாகின.

வீட்டு சேவையகத்தில் இதன் பயன் கண்கூடானது. நூற்றுக்கணக்கான கோப்புகளின் பெயர்களை ஒரே முறைக்குக் கொண்டு வருதல், இரட்டைப் பிரதிகளைக் கண்டறிதல், படம் தடைபட்டு ஓடுவதன் காரணத்தைப் பதிவேடுகளிலிருந்து தேடுதல், ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் படித்துப் பழுதின் அறிகுறியை முன்கூட்டியே சொல்லுதல் ஆகியவை மனிதருக்குச் சலிப்பூட்டும் பணிகள். முகவருக்குச் சலிப்பு இல்லை.

புதுப்பிக்காத மென்பொருள் தந்த பாடம்

இந்தச் சலிப்பின் விலை எவ்வளவு பெரிது என்பதற்கு லாஸ்ட்பாஸ் நிகழ்வு சான்று. கடவுச்சொற்களைப் பாதுகாக்கும் அந்த அமெரிக்க நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினிக்குள் 2022-இல் ஊடுருவல் நடந்தது. அதில் இருந்த ஊடக மென்பொருளின் குறைபாடே நுழைவாயிலாகப் பயன்பட்டது. விசைப்பலகைத் தட்டல்களைப் பதிவு செய்யும் நிரல் அங்கே நிறுவப்பட்டு, முதன்மைக் கடவுச்சொல் திருடப்பட்டது. இதை 2023 பிப்ரவரியில் நிறுவனம் வெளியிட்டது.

அந்த மென்பொருள் பிளெக்ஸ் என்பது பின்னர் உறுதியானது. குறைபாட்டுக்கான திருத்தத்தை பிளெக்ஸ் 2020 மே மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அது நிறுவப்படாமல் கிடந்ததே சேதத்துக்கு வழிவகுத்தது. வாரம் ஒருமுறை புதுப்பிப்புகளைச் சரிபார்த்து நினைவூட்டும் முகவர், இத்தகைய கவனக்குறைவுக்கு நல்ல மருந்து.

வாய்மொழித் தடை பூட்டு ஆகாது

மறுபக்கமும் உண்டு. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ முகவர், அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின் பயன்படுத்தி வந்த நேரடித் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தும் இது நடந்தது. அழிந்ததை மீட்க இயலாது என்றும் முகவர் கூறியது. ஆனால் மீட்க முடிந்தது. அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அம்ஜத் மசாத் வருத்தம் தெரிவித்து, சோதனைத் தரவுத்தளத்தையும் நேரடித் தரவுத்தளத்தையும் தனித்தனியாகப் பிரிப்பதாக அறிவித்தார்.

இதில் இரு பாடங்கள் உள்ளன. 'அழிக்காதே' என்று எழுதி வைப்பது வேண்டுகோள் மட்டுமே. அழிக்கும் உரிமையைக் கணினி அமைப்பிலேயே மறுப்பதுதான் பூட்டு. அடுத்து, முகவர் தன் செயலைப் பற்றித் தானே தரும் அறிக்கையைச் சான்றாகக் கொள்ளாமல் நேரில் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆபத்து கோப்புகளின் வழியே வருவது. வசன வரிக் கோப்புகளில் தீய நிரலை மறைத்து வி.எல்.சி., கோடி உள்ளிட்ட இயக்கிகளைக் கைப்பற்ற முடியும் என்பதை செக் பாயின்ட் நிறுவனம் 2017 மே மாதத்தில் எடுத்துக்காட்டியது. அக்குறைபாடுகள் சரிசெய்யப்பட்டன. ஆயினும் முகவர் எழுத்தைப் படித்துச் செயல்படுவது. இணையத்திலிருந்து வந்த கோப்பில் ஒளிந்திருக்கும் வாக்கியத்தை உரிமையாளரின் கட்டளை என்று அது தவறாக எண்ணக்கூடும். மொழி மாதிரிகளைப் பயன்படுத்தும் செயலிகளுக்கான ஆபத்துகளின் ஓவாஸ்ப் அமைப்புப் பட்டியலில் இவ்வகைத் தாக்குதல் முதலிடத்தில் உள்ளது.

அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தல்

முகவருக்குத் தரும் அதிகாரத்தை மூன்று நிலைகளாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஏற்றது.

முதல் நிலை, பார்வையிடுதல். பதிவேடுகள், வட்டின் நிலை, புதுப்பிப்பு விவரம் ஆகியவற்றைப் படிக்க அனுமதிக்கலாம். குடும்பப் பதிவுகள் உள்ள கோப்புறையை 'படிக்க மட்டும்' என்ற முறையில் இணைத்துவிட்டால், தவறான கட்டளை இயங்கினாலும் அங்குள்ள கோப்புகள் மாறா. எனினும் முகவர் வெளி நிறுவனத்தின் சேவையாக இருந்தால், அது படிப்பவை அந்நிறுவனத்தின் கணினிக்கும் செல்லும். அந்தரங்கமான பதிவுகளை அதன் பார்வைக்கு அப்பால் வைப்பது நல்லது.

இரண்டாம் நிலை, திரும்பப் பெறக்கூடிய மாற்றங்கள். திரைப்படக் கோப்புகளுக்குப் பெயர் மாற்றுதல், சேவையை மறுதொடக்கம் செய்தல் போன்றவை இதில் அடங்கும். முதலில் பழைய பெயர், புதிய பெயர் என்ற பட்டியலை மட்டும் தரச் சொல்லி, பார்த்து ஒப்புதல் அளித்தபின் செயல்படுத்தலாம்.

மூன்றாம் நிலை, திரும்பப் பெற இயலாதவை. கோப்பை அழித்தல், வட்டை வடிவமைத்தல், கடவுச்சொல் மாற்றுதல், சேவையகத்தை இணையத்துக்குத் திறந்துவிடுதல் ஆகியவை இவ்வகை. இவை மனிதரின் கையிலேயே இருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து சேவையகத்தை அணுக வேண்டுமெனில், ரௌட்டரில் வாயிலைத் திறப்பதை விட வயர்கார்டு போன்ற மறையாக்கம் செய்த தனிவழி பாதுகாப்பானது. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கும் இடங்களில் வாயிலைத் திறந்தாலும் பயன் இராது.

காப்புப் பிரதியும் சட்டமும்

மின்தடையின்போது ஹார்டு டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால் யு.பி.எஸ். அவசியம். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய '3-2-1' விதி இங்கும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். முகவர் வந்தபின் இதனுடன் ஒரு நிபந்தனையும் சேர்கிறது. குறைந்தது ஒரு பிரதியாவது முகவரின் கைக்கு எட்டாதபடி, கணினியிலிருந்து கழற்றி வைத்த வட்டில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கோப்பை அவ்வப்போது திறந்து பார்ப்பதும் தேவை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகைக்கு இடமளிக்கிறது. திருட்டுப் பதிவிறக்கத்துக்கு அது கேடயம் ஆகாது. முகவர் செய்த பதிவிறக்கத்துக்கும் அதை ஏவியவரே பொறுப்பு ஏற்க நேரிடும்.

திரைப்படம் அழிந்தால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் குரல் பதிவான நாடாவிலிருந்து எடுத்த ஒரே கோப்பு அழிந்தால், அதை மீண்டும் எடுப்பதற்கு நாடாவும் கருவியும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முகவரிடம் பணிகளை ஒப்படைக்கும் முன், எந்தக் கோப்புகள் ஈடுசெய்ய இயலாதவை என்று குடும்பத்தினர் பட்டியலிட்டு, அவற்றைத் தனியே பிரித்து வைப்பதே முதல் பணியாக இருக்க வேண்டும்.