கார்டா, பிராசஸரா? காசை எடுக்கும் முன்

என் அக்கா மகன் விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த 18,000 ரூபாய்க்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். மாட்டிப் பார்த்தால் வேலரன்ட் விளையாட்டு பழையபடியே திக்கித் திக்கி ஓடியது. கடைக்குப் போனோம். "கார்டுல ஒரு குறையும் இல்லையே சார்" என்றார் கடைக்காரர். உண்மைதான்; குறை அவனுடைய பழைய பிராசஸரில் இருந்தது. கார்டை மாற்றச் சொன்னதும் அதே கடைக்காரர்தான். ஆனால் எங்கள் கையில் இருந்ததோ 'எஸ்டிமேட்' என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டு மட்டும்.

பழுதான பொருளுக்குச் சட்டம் துணை நிற்கும். நல்ல பொருளை நாமே தவறாகத் தேர்ந்தெடுத்தால் கஷ்டம்தான். அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள், பைசா செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், விளையாடும்போதே திரையின் மூலையில் எண்கள் ஓடும். வி-சிங்க், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படச்சட்டம்) கட்டுப்பாடு இரண்டையும் அணைத்துவிட்டு வழக்கமாக ஆடும் விளையாட்டை ஆடுங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் திணறுவது கார்டு. 60, 70 என்று தொங்கினால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் இழுத்துப் பிடிக்கிறது. பிராசஸர் 40 சதவீதம்தான் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். மற்ற கோர்கள் சும்மா இருக்க, ஒரே கோர் மூச்சுமுட்டி நிற்கலாம்.

பிராசஸர் மாற்றுவதானால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டு ஏற்கும் பிராசஸர் பட்டியலைப் பாருங்கள். சாக்கெட் பெயரை மட்டும் நம்பக் கூடாது: இன்டெலின் 7, 8-ஆம் தலைமுறை இரண்டுக்கும் எல்ஜிஏ 1151தான், ஆனால் 8-ஆம் தலைமுறை பழைய போர்டில் ஓடாது. கார்டு என்றால் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டில் ஒரு மோசடி உண்டு. பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி, புதிய மாடல் பெயரில் விற்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள்; இப்படிப்பட்ட பல போலிகளை அது பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டிவிடும். கார்டிலும் பெட்டியிலும் சீரியல் எண் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள்.

"பில் வேண்டாம்னா 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள் கடைக்காரர்கள். மிச்சமாவது அவர்களுடைய பொறுப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிகமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் தனிக் கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வணிகமுறைதான்.

கடைக்காரரின் ஆலோசனையையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள்: "என் பிராசஸர் இது, போர்டு இது, ஆடும் விளையாட்டு இது. இந்தக் கார்டு போட்டால் வேகம் கூடுமா?" தவறாக வழிகாட்டினார் என்று சொல்ல அந்தப் பதில்தான் சாட்சி. பிரச்சினை வந்தால் முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். தீரவில்லையா, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.