தேயிலைத் தொழிற்சாலையிற் காவலும் தன்னியக்கமும்: ஊவாத் தோட்டங்களை நோக்கிய ஒரு விளக்கம்

வணிகக் கட்டடம் என்றவுடன் கொழும்பு நகரின் கண்ணாடி மாடங்களே நம் எண்ணத்தில் எழுகின்றன. ஊவா மாகாணத்திலோ, பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணிற்படும் வணிகக் கட்டடங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளேயாம். தோட்ட மக்கள் இவற்றை ‘ஸ்டோர்’ என வழங்குவர். அப்புத்தளைக்கு அண்மையில் தோமஸ் லிப்டன் 1890 ஆம் ஆண்டிற் கட்டுவித்த தம்பேதன்னைத் தொழிற்சாலை இவற்றுள் பலரும் அறிந்தது. இத்தகைய கட்டடங்களுக்கு ஏற்ற மின்னியல் அமைப்புகள் இருவகைப்படும். ஒன்று வேலையை நடத்தும் தன்னியக்கம். மற்றது கட்டடத்தையும் அதனுள் உள்ளோரையும் பொருளையும் காக்கும் காவல். இவ்விரண்டையும் இணைக்குமிடத்து எழும் வினாவையே இங்கு நாம் விளக்க முற்படுகின்றோம். கம்பியைக் கம்பியோடு பொருத்துவது எளிது. ஆபத்து நேர்ந்த கணத்தில் எது எதற்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் கடினம்.

முதலில் வேலையின் இயல்பை நோக்குவோம். கொய்த கொழுந்தின் எடையில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீராகும். மாடியில் நீண்ட தொட்டிகளில் அதனைப் பரப்பி, அடியிலிருந்து விசிறி செலுத்தும் வளியினால் பல மணிநேரம் வாட்டுவர். பின்னர் ரோதையில் உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தியிற் சூடான வளியைச் செலுத்தி, ஈரப்பதனை ஏறத்தாழ 3 வீதத்துக்குக் குறைப்பர். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலை தன் தனிமணத்தைப் பெறுவதால், அக்காலத்தில் வாட்டுதலின் அளவு தவறுமாயின் இழப்புப் பெரிது. ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் பார்த்து, கொழுந்தைக் கையிற் பிடித்துணர்ந்து, விசிறியை ஓட்டவும் நிறுத்தவும் கட்டளையிடுபவர் டீமேக்கர். அவ்வளவீட்டை உணரிகள் செய்து, விசிறியின் வேகத்தைத் தாமே மாற்றுவதே தன்னியக்கம். (உணரி கையுணர்வை வென்றுவிட்டதா என்பது டீமேக்கர்களிடம் கேட்கத்தக்க வேறொரு வினா.)

காவலின் வரலாறும் பழையது. களவைத் தடுக்க வாட்சரும் பூட்டும், தீயை அறிவிக்க மணியும் இருந்தன. பொறிகளால் விபத்து நேராதிருக்க ரோதமுனியை வணங்கும் வழக்கமும் மலையகத்தில் உண்டு. உலையும் பல்சக்கரமும் எத்துணை ஆபத்தானவை என்பதைத் தொழிலாளர் பொறியியலாளரின் அறிக்கை வருமுன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும். இன்று கண்காணிப்புக் கமராவும், மின்பூட்டும், புகையுணரியும் அவற்றோடு சேர்கின்றன.

இணைப்பு என்பதன் உட்பொருளை அறியப் பதுளைப் புகையிரதப் பாதையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். 1924 இற் பதுளையை அடைந்த இவ்வொற்றைப் பாதையில், அடுத்தடுத்த இரு நிலையங்களிலுமுள்ள தகட்டுப் பெட்டிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டால், அது இரு பெட்டிகளுள் ஒன்றினுள் மீண்டும் இடப்படும்வரை இரண்டாவது தகடு எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. தகடின்றி வண்டி புறப்படலாகாது. ஆகவே இரு வண்டிகள் எதிரெதிரே வருதல் தடுக்கப்படுகிறது. 1874 இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் நிகழ்ந்த மோதலின் பின்னர் எட்வர்ட் டையர் இம்முறையை ஆக்கினார். இங்கே போக்குவரத்தை நடத்தும் கருவியும் காவற்கருவியும் வெவ்வேறல்ல. ஒன்றின் நிலையே மற்றொன்றை அனுமதிக்கின்றது. இதனையே இடைப்பூட்டு என்கிறோம்.

இவ்வெண்ணத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவருவோம். வாட்டும் மாடியில் தீப்பற்றியதாகக் கொள்வோம். தன்னியக்க அமைப்பு தனித்திருப்பின், வெப்பம் ஏறி ஈரப்பதன் குறைந்ததை மட்டுமே அறிந்து, தனக்கிட்ட கட்டளைப்படி விசிறியைத் தொடர்ந்து ஓட்டக்கூடும். தீக்கு வளியை ஊட்டும் கருவியாக அதுவே மாறிவிடும். எனவே தீயறிவிப்பு எழுந்தவுடன் வாட்டும் விசிறிகள் நிற்றல் வேண்டும். ஆனால் எல்லா மின்னோட்டத்தையும் ஒருங்கே துண்டித்தல் தீர்வன்று. விறகு உலையை ஆளி தட்டி அணைக்க இயலாது. உலர்த்தியின் முதன்மை விசிறி நின்றபின்னும் உலையிற் சூடு எஞ்சியிருப்பதால், வெளியேற வழியின்றிச் சூடு தேங்கி, உலைக் குழாய்கள் பழுதுறும். உலர்ந்த தேயிலை தீப்பற்றவுங்கூடும். ஆகையால் முதலில் உலைக்கு வளியூட்டும் விசிறி நிற்கவேண்டும். அவசரத் திறப்பு வழியாகச் சூடு புறத்தே செல்லவேண்டும். தீ உலர்த்தியிலேயே இல்லையெனின் முதன்மை விசிறி சிறிது நேரம் ஓடிக் குளிர்விக்க வேண்டும். இவ்வரிசையைக் கடையிலிருந்து வாங்கமுடியாது. டீமேக்கரும் மின்னியலாளரும் ஒன்றாக அமர்ந்து எழுதவேண்டியதொன்று அது.

கதவைப் பற்றிய வினா இதனினும் கடுமையானது. மின்பூட்டு இருவகைத்து. மின்காந்தத்தாற் பிடித்திருப்பது மின்னோட்டம் நின்றால் திறக்கும். தாழ்வகை சில, மின்னோட்டம் நின்றாலும் பூட்டியே இருக்கும். மனித உயிருக்கு முன்னது நன்று. பொருளுக்குப் பின்னது நன்று. மின்தடை அரிதன்றாகிய நம் நாட்டில் ஒவ்வொரு தடையின்போதும் கதவு திறந்துகொள்ளுமாயின், நிருவாகம் ஒரு சங்கிலியையும் தொங்குபூட்டையும் வாங்கி மாட்டிவிடும். அத்துடன் அமைப்பு முழுவதும் பொருளற்றதாகிவிடும். பூட்டுக்கு மின்கலத் துணை கொடுத்து, தீயறிவிப்பு எழும்போது அந்த மின்கல வழியும் துண்டிக்கப்படும்படி செய்வது ஒரு வழி. அதனினும் மேலானது, பொதிசெய்த தேயிலையைக் காக்கும் கதவும் தொழிலாளர் வெளியேறும் கதவும் ஒன்றாக இராதபடி கட்டடத்தைப் பிரித்தல்.

இது கற்பனை அச்சமன்று. 1911 இல் நியூயோர்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டனர். வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர் துணியைத் திருடுவர் என்ற அச்சம் அப்பூட்டுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஒரு நூற்றாண்டின் பின், 2012 நவம்பர் 24 ஆம் நாள் டாக்காவுக்கு அண்மையிலுள்ள தஸ்ரீன் தொழிற்சாலையில் தீயறிவிப்பு ஒலித்தது. ஆயினும் மேற்பார்வையாளர் வேலையைத் தொடரச் சொன்னதாக உயிர் தப்பியோர் கூறினர். படிக்கட்டுக் கதவுகளும் பூட்டப்பட்டிருந்தன. நூற்றுப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கருவி தன் கடமையைச் செய்தது. அதன் சொல்லைக் கதவுக்கும் பொறிக்கும் கொண்டுசெல்லும் இணைப்பு இல்லை. இடையில் நின்றது ஒரு மனிதரின் அதிகாரம்.

மேற்பார்வையாளர் அறிவிப்பை நம்பாமைக்குப் பொய்யறிவிப்புகளும் ஒரு காரணமாகலாம். அப்புத்தளையின் மூடுபனி சாளரத்தினூடே புகுந்தால், ஒளிச்சிதறலை அளக்கும் புகையுணரி அதனைப் புகையெனக் கொள்ளும். சலிக்கும் அறையில் மிதக்கும் தேயிலைத் தூசியும் அவ்வாறே ஏமாற்றும். மும்முறை வீணாக ஒலித்த மணியை நான்காம் முறை எவரும் பொருட்படுத்தார். ஐந்தாம் முறைக்கு முன் யாரேனும் அதன் கம்பியைக் கழற்றியிருப்பர். ஆதலால் அவ்வறைகளில் வெப்பவுணரியைப் பொருத்துதலும், இரு உணரிகள் உடன்பட்ட பின்னரே பொறிகளை நிறுத்துதலும் பொருத்தமாகும்.

அறிவித்தலுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஊவா மக்கள் கட்டடத்துக்கு வெளியேயும் கண்டனர். கொஸ்லாந்தை மீரியபெத்தை லயங்கள் மண்சரிவு அபாயத்தில் உள்ளன என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்தபோது மக்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தனர். மாற்றுக் குடியிருப்பு இன்றி வந்த எச்சரிக்கை, திறவாத கதவின்முன் ஒலித்த மணியை ஒத்தது.

அமைப்புகளை இணைப்பதனால் புதிய ஆபத்தும் வருகின்றது. 2013 இல் அமெரிக்காவின் டார்கெட் வணிகநிலையங்களில் ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளரின் அட்டை விபரங்கள் களவாடப்பட்டன. களவாளிகள் நுழைந்தது குளிரூட்டல் ஒப்பந்தகாரருக்கு வழங்கப்பட்ட அனுமதியின் வழியாகவே. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியிற் பேச 1995 இல் வெளியான பக்நெற் என்னும் நியமம் உதவுகின்றது. எனினும் தீயறிவிப்புப் பலகையிலிருந்து கதவுக்கும் விசிறிக்கும் செல்லும் கட்டளை வலையமைப்பைச் சாராது தனிக்கம்பியிற் செல்லவேண்டும் என்பதே நம் கருத்து. வாயிலிலுள்ள விரல்ரேகைக் கருவியைச் செக்ரோலோடு இணைக்கும் ஆசையும் எழும். உள்ளே எத்தனைபேர் உள்ளனர் என்பதைத் தீயின்போது அறிய அது பயன்படும். ஆயின் உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுத்தால் ஒருநாட் சம்பளம் இழக்கப்படலாம். விரல்ரேகை போன்ற உடலடையாளத் தரவுக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிப் பாதுகாப்பை வகுத்துள்ளது. எனவே கைப்பதிவு ஒன்றும் கூடவே இருத்தல் வேண்டும்.

இறுதியாக நோக்கவேண்டியது இரவு வேலை. மாலையில் வந்த கொழுந்து வாடி ரோதைக்கு வரும்போது பெரும்பாலும் நள்ளிரவு கடந்துவிடும். அப்போது உள்ளே இருப்போர் சிலரே, வெளிவாயில் பூட்டியிருக்கும், திறப்பு வாட்சரிடம். ரோதையின் இரைச்சலில் மணி கேளாதாகையால் சுழலும் விளக்கும் வேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் பதிவாகியிருப்பின், வாட்டும் மாடியில் நிற்கும் பெண்ணுக்கு அது வெறும் சத்தமே. தமிழிலும் சிங்களத்திலும், எந்தப் படிக்கட்டால் இறங்கவேண்டும் என்பதை அவ்வறிவிப்புச் சொல்லவேண்டும். பயிற்சியையும் பகலில் உத்தியோகத்தர் சூழ நடத்தாது, அந்த இரவு இரண்டு மணிக்கே நடத்திப் பார்த்தல் வேண்டும்.