ஒரு குறி மாறினால்

மாணவர்களின் தேர்ச்சியைக் கணக்கிட ஒரு பள்ளி கணினி நிரல் ஒன்றைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். 40 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ பெற்றவர் தேர்ச்சி பெறுவார் என்பது விதி. சென்ற வாரம்வரை ஒழுங்காக இயங்கிய நிரல், இன்று 40 மதிப்பெண் பெற்ற மாணவரைத் தேர்ச்சி பெறாதவர் என்று காட்டுகிறது. நிரலிலோ ஆயிரக்கணக்கான வரிகள் உள்ளன. தவற்றை எங்கே தேடுவது?

இத்தகைய வேளையில் எல்லா வரிகளையும் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் பார்த்தால் போதும். இதற்குத் துணைபுரியும் மென்பொருள்களுள் ஒன்று 'கிட்'. லினக்ஸ் நிரலைப் பல நாட்டு நிரலாளர்கள் இணைந்து உருவாக்கி வந்தனர். அவர்கள் செய்யும் மாற்றங்களை ஒழுங்குபடுத்துவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் கிட்டை உருவாக்கினார்.

நிரலாளர் ஒரு வேலையை முடித்ததும், கோப்புகள் அப்போது இருக்கும் நிலையைக் கிட்டில் பதிவு செய்கிறார். இப்பதிவு 'கமிட்' எனப்படும். பதிவு செய்தவரின் பெயர், நாள், நேரம், மாற்றத்தை விளக்கும் சிறு குறிப்பு ஆகியவை அதில் இடம்பெறும். புதிய கமிட் பழையதை அழிப்பதில்லை. ஆகவே, முந்தைய நிலையை எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம்.

நிரல் எழுத உதவும் 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' போன்ற மென்பொருளில் இரண்டு கமிட்டுகளை ஒப்பிடும்போது, திரை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பழைய கோப்பும் வலப்பக்கம் புதிய கோப்பும் தோன்றும். இரண்டிலும் ஒரே வரிசையில் அமைந்த பொதுவான வரிகளைக் கணினி முதலில் கண்டறிகிறது. பழைய கோப்பில் மட்டும் உள்ள வரிகளை நீக்கப்பட்டவை என்று சிவப்பிலும், புதிய கோப்பில் மட்டும் உள்ளவற்றைச் சேர்க்கப்பட்டவை என்று பச்சையிலும் காட்டுகிறது. ஒரு வரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலும் தெரியும்.

பள்ளி நிரலையும் இவ்வாறு ஒப்பிட்டால் தவறு வெளிப்பட்டுவிடும். பழைய வரியில் '40 அல்லது அதற்கு மேல்' என்று பொருள்படும் குறி இருந்தது. புதிய வரியில் சமக்குறி விடுபட்டு, '40க்கு மேல்' என்று மாறியிருந்தது. ஒரு சிறு குறி, ஒரு மாணவரின் முடிவையே மாற்றிவிட்டது!

எனினும், எது மாறியது என்பதை மட்டுமே கணினி காட்டும். அம்மாற்றம் சரியா, தவறா என்பதை மனிதரே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். பல வேலைகளை ஒரே கமிட்டில் கலந்து, 'திருத்தம்' என்று மட்டும் குறிப்பு எழுதினால், அந்த ஆய்வு கடினமாகிவிடும். ஒரு வேலைக்கு ஒரு கமிட், காரணத்தைக் கூறும் தெளிவான குறிப்பு ஆகிய இரண்டும் நல்ல நிரலாளரின் பழக்கங்கள். பின்னாளில் அந்நிரலைத் திருத்த வருபவருக்கு அவையே வழிகாட்டும்.