அரிவாளும் கொடுவாளும்

அரிவாள் என்றவுடன் இன்றைய மாணவர் மனத்தில் எழுவது திரைப்படச் சண்டைக் காட்சியே. கிளமெண்டியின் அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகள் கதிரறுப்பைக் கண்டிருத்தல் அரிது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இச்சொல் பிறந்த இடம் வயலே.

அரிதல் என்பது காய் நறுக்குதற்கும் நெல்லறுத்தற்கும் உரிய வினை. அறுத்து வயலில் இடும் கைப்பிடிக் கதிருக்கும் ‘அரி’ என்றே பெயர். அவ்வினையோடு வாள் சேர்ந்து அரிவாள் ஆயிற்று. பேச்சில் அருவாள், அருவா எனத் திரிந்தது. அடுக்களை அரிவாள்மணையில் அப்பழைய பொருள் மாறாமல் நிற்கிறது.

இக்கருவி வளைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கதிரரிவாளின் வளைவு தாள்களைத் திரட்டிக் கூர்வாய்க்குள் அடக்குகிறது. நுண்பற்கள் அவற்றை வழுவாமல் பிடிக்கின்றன. வெட்டரிவாளுக்குப் பற்கள் இல்லை, அது கனமானது. எடை முனைப்பக்கம் மிகுந்திருத்தலால் ஓங்கிய கை இறங்கும்போது இரும்பே பாதி வேலையைச் செய்துவிடும். நுனியின் வளைவு கிளையை நழுவவிடாது. மட்டை கழிக்கவும் விறகு பிளக்கவும் அமைந்த இவ்வடிவமே பகைவன்மீதும் பாய வல்லது. இடர் அங்கேதான் தொடங்குகிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். இரும்பைக் காய்ச்சி அடித்து, நீரில் தோய்த்துப் பதமேற்றும் கொல்லர்க்கு, வாங்குவோன் உழவனா வேறொருவனா என்பது தெரியாது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு அடியார் நேர்ந்து செலுத்துவதும் அரிவாளே. அங்கே அது காவலின் அடையாளம்.

கொடுவாள் என்னும் பெயர் நம் கருத்துக்கு இன்னும் நெருக்கமானது. ‘கொடு’ என்றால் வளைந்த என்பது பொருள். கொடுவாள் வளைந்த வாள், அவ்வளவே. ஆனால் கொடுமை என்னும் சொல்லுக்கு வளைவு, தீமை என்னும் இரு பொருளும் உண்டு. நேராக நிற்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். கருவியின் வடிவத்தைச் சொல்லப் புகுந்த சொல்லே அதன் தீங்கையும் உடன் சொல்லிவிடுகிறது.

சிங்கப்பூரிலும் வளைந்த கத்திகள் புதியவை அல்ல. 1949இல் இங்குக் காவல்துறையில் அமைந்த கூர்க்காப் படைப்பிரிவினரின் குக்கிரி அத்தகையது. நேப்பாளத்து மலையூர்களில் அதுவே விறகு வெட்டும் கத்தி. பொது இடத்தில் தக்க நோக்கமின்றித் தாக்குதற்கருவி வைத்திருத்தல் இங்குக் குற்றம். சட்டமும் இரும்பை மட்டும் பார்ப்பதில்லை, எடுத்துச் செல்லும் நோக்கத்தையும் வினவுகிறது என்பது கருதத்தக்கது.

ஆசிரியர்கள் இப்பாடத்தைச் செங்கோலிலிருந்து தொடங்கலாம். இளைய வகுப்பாயின் கொடுக்காய்ப்புளியே போதும்: சுருண்டு வளைந்த காய், தீங்கேதும் இல்லை, தின்னவும் இனிது.