சிறுமலர் காட்டிய சிறு வழி

கிறிஸ்தவ சமயத்தார் போற்றும் நற்பண்புகளுள் தாழ்மையும், இறைவன்பால் கொள்ளும் முழு நம்பிக்கையும் தலையாயவை. இவ்விரண்டையும் தனித்தனியே எடுத்துப் பேசுவது வழக்கம். ஆயினும், ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைபெறாது என்பதே அச்சமயச் சான்றோர் பலரும் கண்ட உண்மை. தன்னையே பெரிதாக எண்ணுகிறவனுக்குப் பிறிதொருவரைச் சார்ந்து நிற்கவேண்டிய தேவை தோன்றாது. இறைவனை நம்பாதவனோ, தன் சிறுமையைக் கண்ட மாத்திரத்தில் சோர்ந்துபோவான். இவ்விரு பண்புகளும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை, இருபத்துநான்கு ஆண்டுகளே வாழ்ந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணியின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நம் நாட்டுக் கத்தோலிக்கர் பெரும்பாலும் 'தாழ்ச்சி' என்றும், சீர்திருத்தச் சபையார் 'தாழ்மை' என்றும் வழங்கும் இப்பண்பிற்கு இலத்தீன் மொழியில் உள்ள சொல், 'மண்' என்னும் பொருளுடைய சொல்லை அடியாகக் கொண்டு பிறந்தது. மண்ணிலே கால் ஊன்றி நிற்பதுதான் தாழ்மை. தன்னை இழிவாக எண்ணி மனம் குமைவது தாழ்மையன்று. அது தாழ்வு மனப்பான்மை. திறமை உள்ளவன் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லிக்கொள்வதும் தாழ்மையன்று, அது பொய். உள்ளதை உள்ளபடி அறிந்து, அதற்கு மேலும் கீழும் போகாமல் நிற்பதே தாழ்மை. வள்ளுவர் அடக்கமுடைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததை அறிந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று. கிறிஸ்தவ நெறி அதனோடு மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. இறைவனே மனிதனாகத் தாழ்ந்து வந்தார் என்பதும், இயேசு பெருமான் தம் சீடர்களின் பாதங்களைத் தம் கையாலேயே கழுவினார் என்பதும் அந்நெறியின் அடிப்படை. எனவே அங்கே தாழ்மை என்பது வெறும் நல்லொழுக்கம் மட்டுமன்று. தெய்வத்தின் இயல்பில் பங்குகொள்வதாகவும் கருதப்படுகிறது.

இனி, நாம் குறிப்பிட்ட பெண்மணியின் வரலாற்றிற்கு வருவோம். அவர் பெயர் தெரேசாள். 'சிறுமலர்' என்னும் பெயரால் தமிழ்நாட்டில் பள்ளிகளும் கோயில்களும் உண்டு. 'லிட்டில் பிளவர்' என்ற பெயர்ப்பலகையை நாம் குடியேறி வாழும் பிற மாநில நகரங்களிலும் கண்டிருப்போம். அப்பெயருக்கு உரியவர் இவரே. 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் அலான்சோன் நகரில் பிறந்தார். தந்தையார் கடிகாரத் தொழில் செய்தவர். தாயார் லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். ஒன்பது குழந்தைகளில் கடைசியாகப் பிறந்த தெரேசாள், நாலரை வயதிலேயே தாயை இழந்தார். பின்னர் குடும்பம் லிசியே என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது.

அவ்வூரிலிருந்த கார்மேல் கன்னியர் மடத்தில் சேரவேண்டும் என்பது அவருடைய தீராத ஆவல். வயது போதாதென்று மேலோர் மறுத்தனர். 1887-ஆம் ஆண்டு தந்தையாருடன் ரோமாபுரிக்குத் திருப்பயணம் சென்றபோது, பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரைக் காணும் வாய்ப்பு அவர்கள் குழுவினருக்குக் கிட்டியது. பாப்பரசரிடம் எவரும் பேசலாகாது என்று கட்டளை இருந்தும், பதினான்கு வயதுச் சிறுமியான தெரேசாள் அவர் முன் மண்டியிட்டுத் தம் வேண்டுகோளைத் துணிந்து கூறினார். காவலர்கள் அவரைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சியை நாம் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வாய்மூடிக் கிடப்பதும், வலியவர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பதும் தாழ்மை என்று கருதுவோர் பலர். எளியோரை அடக்கிவைக்க விரும்புவோரும் அச்சொல்லை அவ்வாறே பயன்படுத்தியதுண்டு. தாழ்மையின் இலக்கணமாகப் போற்றப்படும் இப்பெண்ணோ, தம் உள்ளம் நியாயமென்று கண்டதைக் கேட்கத் தயங்கவில்லை. கேட்டபின் கிடைத்த விடை எதுவாயினும் அமைதியாக ஏற்கவும் தயங்கவில்லை. 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், பதினைந்தாவது வயதில், மடத்தினுள் சேர்ந்தார். அதன்பின் அவர் அதன் மதிற்சுவரைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

உள்ளே அவர் செய்த அரும்பெருஞ் செயல்கள் யாவை? ஒன்றும் இல்லை என்றே சொல்லவேண்டும். துணி துவைத்தார், உணவறையைப் பெருக்கினார், பூசைப் பொருள்களைக் கவனித்தார், புதிதாகச் சேர்ந்த இளங்கன்னியருக்கு வழிகாட்டினார். நடக்கமாட்டாத முதிய கன்னி ஒருவரை நாள்தோறும் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் சென்றார். எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் அம்மூதாட்டி குறை கூறுவதை நிறுத்தவில்லை. சலவைத் துறையில் எதிரே நின்று துவைத்தவர் அழுக்கு நீரை இவர் முகத்தில் தெறிக்கவிடுவார். இவர் விலகிக்கொள்ளாமல் நின்றார். எக்காரணத்தாலோ இவருக்குச் சற்றும் ஒத்துவராத ஒருவரிடம் இவர் காட்டிய முகமலர்ச்சியைக் கண்டு, 'என்னிடம் அப்படி என்னதான் கண்டாய்?' என்று அவரே வியந்து கேட்கும்படி ஆயிற்று. ஒரே கூரையின்கீழ்ப் பலரோடு வாழ்ந்தவர்களுக்கும், ஒரே அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காகப் பணியாற்றியவர்களுக்கும் இவை எவ்வளவு கடினமானவை என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தெரேசாள் தம் நெறியைச் 'சிறு வழி' என்று அழைத்தார். அதன் விளக்கத்திற்கு அவர் கையாண்ட உவமை சுவையானது. பெரிய மகான்கள் ஏறிய உயரத்தை நோக்கியபோது, அவர்கள் மலையென்றும் தாம் ஒரு மணல் துகளென்றும் அவருக்குத் தோன்றிற்று. அக்காலத்தில் செல்வர் இல்லங்களில் படிக்கட்டுக்குப் பதிலாக லிப்டு என்னும் புதிய சாதனம் வந்துகொண்டிருந்தது. நிறைவு என்னும் செங்குத்தான படிகளில் ஏறத் தமக்கு வலிமை இல்லையாதலால், தம்மைத் தூக்கிச் செல்ல ஒரு லிப்டு வேண்டும் என்று அவர் தேடினார். இயேசுவின் கரங்களே அந்த லிப்டு என்று கண்டார். தூக்கப்படவேண்டுமாயின் வளர்ந்து பெரியவராக வேண்டியதில்லை. சிறியவராகவே இருந்தாற் போதும். இங்கேதான் தாழ்மையும் நம்பிக்கையும் ஒன்றுபடுகின்றன. 'நான் சிறியவள்' என்பது தன்னைப்பற்றிய உண்மை. 'என்னைத் தூக்குபவர் இருக்கிறார்' என்பது இறைவனைப்பற்றிய உண்மை. முதலாவதை மட்டும் அறிந்தவர் ஏக்கத்தில் ஆழ்வர். இரண்டாவதையும் சேர்த்து அறிந்தவர்க்குத் தம் குறைபாடே ஆறுதலுக்கு வாயிலாகிறது. தியான வேளையில் தம்மையறியாமல் உறங்கிவிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. அதற்காக அவர் கலங்கவில்லை. விழித்திருக்கும் குழந்தையைப் போலவே உறங்கும் குழந்தையும் பெற்றோருக்கு இனியதுதானே என்று எண்ணி அமைந்தார்.

இத்தகைய நம்பிக்கை, துன்பமறியாத ஓர் இளம்பெண்ணின் எளிய மனப்போக்கு என்று ஒருவர் நினைக்கக்கூடும். உண்மை அதுவன்று. அவர் மடத்திற்குள் சென்ற மறு ஆண்டே அன்புத் தந்தையாரின் அறிவு நிலை குலைந்தது. கான் நகரத்து மனநல மருத்துவமனையில் அவர் மூன்றாண்டுக் காலம் வைக்கப்பட்டார். மகளோ மடத்தின் விதிக்குக் கட்டுப்பட்டவராதலால், அருகிருந்து பணிவிடை செய்ய இயலவில்லை. ஊரில் பெற்றோர் நோயுற்றிருக்க, ஆயிரம் கல் தொலைவில் கடமையில் கட்டுண்டு கிடக்கும் வேதனை நம்மில் பலர் அறிந்ததே. அதைத் தெரேசாளும் அறிந்திருந்தார்.

அதனினும் பெரிய சோதனை பின்னால் வந்தது. 1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் அவருக்கு முதன்முறையாக வாயிலிருந்து இரத்தம் வந்தது. அது காசநோயின் அறிகுறி. அதையடுத்த சில நாட்களிலேயே அவருடைய உள்ளத்தையும் ஓர் இருள் சூழ்ந்தது. மோட்சம் என ஒன்று உண்டா, தாம் நம்பியதெல்லாம் வெறுங் கனவா என்னும் ஐயங்கள் அவரை இடைவிடாது வாட்டின. இறக்கும் வரையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அவ்விருள் விலகியதாகத் தெரியவில்லை. அப்படியிருந்தும் அவர் வேண்டுதலை நிறுத்தவில்லை, பணியைக் கைவிடவில்லை, உடனிருந்தோரிடம் முகஞ் சுளிக்கவில்லை. நம்பிக்கை என்பது நெஞ்சில் எழும் இனிய உணர்ச்சியன்று, உணர்ச்சி வற்றியபோதும் கையை விடாமல் பற்றியிருக்கும் உறுதி என்பது இதனால் விளங்குகிறது. இறைவனை நம்பினால் நோய் நீங்கும், விரும்பியது கைகூடும் என்பாரும் உளர். தெரேசாளுக்கு நோய் நீங்கவில்லை. 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அவர் இறந்தார். நம்பிக்கை அவரை நோயினின்று காக்கவில்லை. நோயினால் வரும் கசப்பினின்று காத்தது.

அவர் இறக்கும் தறுவாயில், இவரைப்பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று உடனிருந்த கன்னியர் ஒருவர் கவலைப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. மேலோரின் கட்டளைக்கிணங்கி அவர் எழுதிவைத்திருந்த நினைவுக் குறிப்புகள், 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்னும் பெயரில் 1898-ஆம் ஆண்டு வெளிவந்து, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவின. 1925-ஆம் ஆண்டு அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1927-ஆம் ஆண்டு, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நம் பரதவ மக்களிடையே உழைத்துக் கோவாவில் துயிலும் புனித சவேரியாருக்கு இணையாக, மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராக்கப்பட்டார். கடல்கள் பல கடந்தவரும், மதிலைக் கடவாதவரும் சமமாக வைக்கப்பட்டது சிந்தித்தற்குரியது.

நம் நாட்டிற்கும் இவருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1929-ஆம் ஆண்டு அன்றைய கல்கத்தாவிற்கு வந்து சேர்ந்த ஓர் இளங்கன்னி, 1931-ஆம் ஆண்டு துறவு வாக்குறுதி அளித்தபோது, சிறுமலரின் நினைவாகவே தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். அவரே பின்னாளில் உலகம் போற்றிய அன்னை தெரசா. 2007-ஆம் ஆண்டு வெளியான அவருடைய கடிதங்கள், அவரும் நெடுங்காலம் உள்ளத்தின் இருளிலேயே நடந்தவர் என்பதைக் காட்டின. தெருவோரத்தில் கிடந்தோரைத் தூக்கியெடுத்த அக்கரங்களுக்கு வலிமை தந்தது, உள்ளத்தில் ஊறிய இன்பமன்று. இன்பமில்லாத போதும் விடாத நம்பிக்கையே. அவ்வன்னையார் மறைந்த 1997-ஆம் ஆண்டிலேயே, தெரேசாள் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டத்தையும் பெற்றார்.

சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு, இங்கே நம் குலப் பெருமையை அறிந்தவர் இல்லை. நம் மொழியின் அருமையை உணர்ந்தவரும் சிலரே. கோப்பிலும் இயந்திரத்திலும் அடுப்படியிலும் நாம் செய்யும் வேலையைக் கண்டு பாராட்டுவோர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஊரில் அறியப்பட்டவர் இங்கே அறியப்படாதவராவது ஒரு வகையில் தாழ்த்தப்படுவதே. அது மனக்கசப்பாக முடியலாம்; தாழ்மையாகக் கனியவும் கூடும். எந்தச் சமயத்தவராயினும், யாரும் காணாத சிறு கடமையை அன்போடு செய்தலும், விளைவை நம்மினும் பெரியவர் கையில் ஒப்புவித்தலும் நம்மால் இயலாதவை அல்ல. லிசியே நகரத்து இளங்கன்னி இவற்றை மடத்தின் சலவைத் துறையிலேயே பயின்றார். நாமும் நாளைக் காலை நம் வேலையைத் தொடங்கும்போதே இவற்றைப் பயிலத் தொடங்கலாம்.