போர்டிகோவை உயர்த்தினால் போதுமா?

அம்பத்தூர் பக்கம் கார் வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு மைலேஜில் ஆரம்பித்து போர்டிகோவில் முடியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் இப்படித்தான். "ஒரு அடி ஏத்திட்டேன் சார், இனிமே கவலையில்ல" என்றார் எங்கள் தெருக்காரர்.

டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். சாதாரண காருக்கும் தரைக்கும் நடுவே 17 செ.மீ. அளவுதான் இடைவெளி. ஒரு அடி உயரத்துக்கு மூன்றடியில் சரிவு போட்டால் அடிப்பகுதி உரசும். சரிவை நீட்டினால் தெருவுக்கு வந்து மழைநீர் போகிற வழியை மறிக்கும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? உயர்த்தாத பக்கத்து வீட்டுக்குள்தான்.

இன்னொரு விஷயம். முங்கின காரின் என்ஜினைப் பெரும்பாலும் கெடுப்பது நம்ம கையிலிருக்கும் சாவி. காற்று போகும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அது காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். "சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே" என்று நான் செய்த தப்பு அதுதான். இந்தச் செலவுக்கு வழக்கமான காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது; என்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்கணும். சாவியைத் தொடாமல், கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதே நல்லது.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்கள். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. காரை மேட்டுக்குக் கொண்டுபோனால் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் போகாதே.